டெவன் மண்வீடுகள்: கோப் சுவரும் வைக்கோல் கூரையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்மேற்கு இங்கிலாந்தில் டெவன், டார்செட், சாமர்செட், கார்ன்வால் பக்கத்து ஊர்களில் தடித்த சுவரும் தாழ்ந்த வைக்கோல் கூரையுமாக நிற்கும் வீடுகளைப் படத்திலாவது பார்க்காதவர்கள் குறைவு. நாட்காட்டியிலும் பிஸ்கட் டப்பாவிலும் அச்சாகிப் பழகிவிட்டதால், அழகுக்காகவே கட்டியவை போலத் தோன்றும். காலடியில் கிடைத்த மண்ணையும் வயலில் மிஞ்சிய வைக்கோலையும் கொண்டு தேவைக்காகக் கட்டியவைதான் அவற்றில் பெரும்பாலானவை. அந்தச் சுவர்களை அங்கே 'கோப்' என்கிறார்கள். அவற்றைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கோப் சுவரில் என்னென்ன இருக்கிறது?

களி கலந்த அடிமண், வைக்கோல், தண்ணீர். அவ்வளவுதான். செடி வளரும் மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, அதற்குக் கீழே உள்ள மண்ணைத் தோண்டி எடுப்பார்கள். களி, மணல், பொடிக்கல் மூன்றும் அளவாகச் சேர்ந்திருந்தால் நல்ல மண். களி மிஞ்சினால் காயும்போது சுவர் வெடிக்கும். மணல் மிஞ்சினால் உதிரும். வைக்கோலின் வேலை, ஒரே இடத்தில் பெரிய வெடிப்பு விழாதபடி அதைச் சுவர் முழுக்கச் சன்னமாகப் பரப்பிவிடுவது.

மண் பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கத்திலேயே தோண்டியது. பண்ணைவீட்டை ஒட்டி ஒரு குட்டை இருந்தால், அது பழைய மண்ணெடுத்த பள்ளமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் சுவரின் நிறமும் ஊருக்கு ஊர் மாறும். டெவனின் கிரெடிட்டன், எக்ஸ்டர் சுற்றுவட்டாரத்தில் அடர்ந்த செம்மண். டார்செட், வில்ட்ஷயர் மேட்டுநிலங்களில் சுண்ணக்கல் கலந்த வெளிர் மண். பூச்சு உதிர்ந்த ஒரு தொழுவத்தின் சுவரைப் பார்த்தால், எதிரே உழுது போட்டிருக்கும் வயலின் நிறமே அதில் இருக்கும்.

அச்சுப்பலகை இல்லாமல் அவ்வளவு உயரச் சுவரை எப்படி எழுப்பினார்கள்?

பொறுமையாக, படை படையாக. தோண்டிய மண்ணைத் தரையில் பரப்பி, தண்ணீர் தெளித்து, வைக்கோலைத் தூவிக் காலால் மிதிப்பார்கள். மாடுகளை விட்டு மிதிக்க வைப்பதும் உண்டு. பதம் வந்த மண்ணைக் கவைமுள்ளால் வாரி, கல் அடிச்சுவர்மேல் போடுவார்கள். மேலே நிற்கும் ஆள் அதைக் குதிகாலால் மிதித்து இறுக்கிக்கொண்டே நகர்வார். ஒரு படை ஒன்றரை அடியிலிருந்து இரண்டடி உயரம் வரும். அதற்குமேல் போட்டால் ஈரமண் தன் எடையிலேயே பிதுங்கிவிடும். எனவே வேலையை நிறுத்தி, அது இறுகும்வரை காத்திருக்க வேண்டும். வெயில் நன்றாக இருந்தாலே வாரக்கணக்கில் ஆகும். இங்கிலாந்து வெயில் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மாடி வீட்டின் சுவர் முடிய ஒரு கோடைகாலம் போதாமல், அடுத்த ஆண்டுக்கு வேலை நீள்வது சாதாரணம்.

படை போடும்போது சுவரின் இரு முகங்களிலும் மண் துருத்திக்கொண்டு நிற்கும். அது பாதி காய்ந்திருக்கும் நேரத்தில், நீண்ட பிடி போட்ட தட்டையான இரும்பால் மேலிருந்து நின்றபடி செதுக்கி விடுவார்கள். சதுரக் கட்டம் இல்லாமல், லேசாக அலையும் அந்த முகம் வந்தது இந்தச் செதுக்கலால்தான். சுவரின் கனம் இரண்டடியிலிருந்து மூன்றடி வரை. மூலைகளைக் கூர்மையாக விடாமல் உருட்டி விடுவார்கள். கதவு, ஜன்னல் வரவேண்டிய இடங்களில் ஓக் மர உத்தரத்தை மட்டும் மண்ணுக்குள் புதைத்துவிட்டுச் சுவரை முழுதாக எழுப்பிவிட்டு, காய்ந்தபின் அதன் கீழே வெட்டித் திறப்பதும் வழக்கம்.

பூச்சு இல்லாத பழைய சுவரில் படைகளின் எல்லைக்கோடுகளை இன்றும் எண்ணலாம். சாய்வான வெளிச்சம் விழும் நேரத்தில் அவை தெளிவாகத் தெரியும்.

அடியில் ஏன் கல்?

"நல்ல தொப்பியும் நல்ல காலணியும் கொடு, கோப் வீடு என்றென்றும் நிற்கும்" என்பது டெவன் கட்டடக்காரர்களின் பழமொழி. தொப்பி, கூரை. காலணி, கல்லால் கட்டிய அடிச்சுவர். தரை ஓதம் மண்ணில் ஏறாமலும், இறவாணத்திலிருந்து விழும் மழைநீர் தெறித்து மண்ணை அரிக்காமலும் அது காக்கிறது. இந்த இரண்டும் ஒழுங்காக இருந்த சுவர்களே ஐந்நூறு ஆண்டு தாண்டி நிற்கின்றன.

இங்கிலாந்து கிராமங்கள் எல்லாவற்றிலும் இதே முறைதானா?

இல்லை. கல் கிடைத்த ஊரில் கல், மரம் கிடைத்த ஊரில் மரச்சட்டம். மண் கட்டடத்திலும் பல வகை உண்டு. பக்கிங்ஹாம்ஷயரின் ஹாடென்ஹாம் ஊரில் 'விச்சர்ட்' எனும் வெளிர்நிறச் சுண்ணக்களி. வீடுகள் மட்டுமல்ல, தெருவோர மதில்களும் அதில்தான், தலையில் ஓடு கவிழ்த்து நிற்கின்றன. நார்ஃபோக் பக்கம் சுடாத பச்சை மண்கட்டிகள். லிங்கன்ஷயரில் மெல்லிய மரச்சட்டத்தின்மேல் அப்பிய மண். வடக்கே கம்ப்ரியாவின் சால்வே சமவெளியில், ஊரே திரண்டு ஒரே நாளில் சுவரை முடித்துவிடுவார்கள். மெல்லிய மண் அடுக்குகளுக்கு நடுவே வைக்கோலைப் பரப்பிக்கொண்டே போவதால், படை காயக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எண்ணிக்கையிலும் தொன்மையிலும் கோப்பின் தாயகம் டெவன்தான். இனி வரும் பதில்கள் பெரும்பாலும் அந்த மாவட்டத்தைப் பற்றியவை.

இவை உண்மையிலேயே எவ்வளவு பழையவை?

இடைக்காலத்தின் பிற்பகுதியில், அதாவது 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் கட்டிய வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். 16, 17-ஆம் நூற்றாண்டு வீடுகள் ஏராளம். இவற்றில் பெயர்பெற்றது கிழக்கு டெவனில் ஈஸ்ட் பட்லி ஊருக்கு அருகே உள்ள ஹேய்ஸ் பார்ட்டன். முதலாம் எலிசபெத் அரசியின் அவையில் செல்வாக்கோடு இருந்த கடலோடி சர் வால்டர் ராலே பிறந்த வீடு அது. அவருடைய தந்தை அதைக் குத்தகைக்கு வைத்திருந்தார். ராலே வசதி வந்தபின், 1584-இல், தான் பிறந்த வீடு என்பதால் அதை விலைக்கு வாங்க விரும்பி உரிமையாளருக்குக் கடிதம் எழுதினார். கிடைக்கவில்லை. மண்வீடு என்றாலே ஏழை வீடு என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கடிதம் ஒன்றே போதும்.

அதே நேரம், கீழ்த்தட்டு வீடுகள் எப்படி இருந்தன என்பதற்கும் சாட்சி உண்டு. ரிச்சர்ட் கேர்யூ 1602-இல் வெளியிட்ட கார்ன்வால் பற்றிய நூலில், அங்குள்ள உழவர்களின் பழைய வீடுகளை விவரிக்கிறார்: மண்சுவர், தாழ்ந்த வைக்கோல் கூரை, தடுப்பறைகள் குறைவு, மாடித்தளம் இல்லை, கண்ணாடி ஜன்னல் இல்லை, புகைபோக்கி என்று சொல்லச் சுவரில் ஒரு துளை. கேர்யூ இதை எழுதும்போதே அந்த வாழ்க்கை மாறத் தொடங்கிவிட்டது. அதனால் அவ்வளவு எளிய வீடுகள் நமக்குக் கிடைக்கவில்லை. நிலைத்தவை ஓரளவு கையிருப்பு உள்ள குடியானவர்களின் வீடுகள். இன்று நாம் பார்க்கும் 'பழைய குடிசை' எதையும் அக்கால ஏழையின் வீடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிற்காலத்தில் ஒரு பெரிய பண்ணைவீட்டை மூன்றாகத் தடுத்துக் கூலியாட்களுக்கு விட்டிருப்பார்கள்; இன்று அவை மூன்று சிறு வீடுகளாகத் தெரியும்.

உள்ளே அறைகள் எப்படி அமைந்திருக்கும்?

டெவனின் பழைய அமைப்பு, நீளவாட்டில் மூன்று அறை. வீட்டின் குறுக்கே முன்வாசலிலிருந்து பின்வாசலுக்கு ஒரு நடை ஓடும். அதன் ஒரு பக்கம் பொருள் வைக்கும் அறை. சில வீடுகளில் அது மாட்டுத் தொழுவம். மறுபக்கம் கூடம், அதைத் தாண்டி உள்ளறை. கூடத்துக்கு மாடி கிடையாது. தரை நடுவே நெருப்பு எரியும்; புகை மேலே எழும்பிக் கூரை வழியாகக் கசிந்து போகும்.

16-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து இது மாறியது. டெவன்காரரான வரலாற்றாய்வாளர் டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் 1570 முதல் 1640 வரையான காலத்தை 'மாபெரும் மறுகட்டுமானம்' என்று அழைத்தார். கல் புகைபோக்கி எழுந்தது, கூடத்தின் குறுக்கே மாடித்தளம் விழுந்தது, ஜன்னலுக்குக் கண்ணாடி வந்தது. புகைபோக்கி வைக்க முடிந்தவர் அதைப் பின்பக்கம் ஒளிக்கவில்லை; தெருவைப் பார்த்த முன்சுவரில், வாசலுக்குப் பக்கத்திலேயே கட்டினார். வடக்கு டெவன் குயவர்கள் வனைந்த சுடுமண் ரொட்டி அடுப்பை அடுப்படிச் சுவருக்குள் பதிப்பார்கள். பார்ன்ஸ்டபிள், பிட்ஃபோர்ட் பக்கத்தில் செய்த அந்த அடுப்புகள் கப்பலேறி அமெரிக்கக் குடியேற்றங்கள் வரை போயிருக்கின்றன.

புகை படிந்த பழைய வைக்கோல் என்று ஆய்வாளர்கள் பரபரப்பாகப் பேசுவது எதை?

இந்த வீடுகளைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

வைக்கோல் கூரை நைந்துபோனால் டெவனில் முழுதாகப் பிரிப்பதில்லை. மேலே உளுத்த பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, உள்ளே உலர்ந்து கெட்டியாக இருக்கும் பழைய அடுக்கின்மேல் புதுக்கட்டு வேய்வார்கள். இப்படியே தலைமுறை தலைமுறையாகப் போனதால், அடி அடுக்கு முதன்முதலில் வீடு கட்டியபோது வேய்ந்ததாகவே தங்கிவிடும். நடுக்கூடத்தில் நெருப்பு எரிந்த காலத்து வைக்கோல் அது. கரி படிந்து கறுத்திருக்கும். புகைபோக்கி வந்தபின் வேய்ந்ததில் அந்தக் கறுப்பு இருக்க வழியில்லை. ஆக, மாடித்தளத்துக்கு மேலே, யாரும் ஏறாத பரணில் விளக்கடித்துப் பார்க்கும்போது கைமரமும் கட்டும் வைக்கோலும் சேர்ந்து கறுத்திருந்தால், அது திறந்த கூடத்து வீடு என்று உறுதியாகச் சொல்லலாம்.

அதைவிட முக்கியம், அந்த வைக்கோலுக்குள் இருப்பது. கதிர், தாள், கணு, களை எல்லாம் அப்படியே காய்ந்து கிடக்கின்றன. தொல்தாவர ஆய்வாளர் ஜான் லெட்ஸ் 1990களில் இவற்றைத் தேடி எடுத்து ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டார். இடைக்கால உழவர் என்ன விதைத்தார் என்பது கையில் எடுத்துப் பார்க்கும்படி கிடைத்தது: இன்றைய கோதுமையைவிட மிக உயரமாக வளர்ந்த நாட்டு ரகங்கள், ஒரே வயலில் கலந்து விளைந்த கோதுமையும் ரை எனும் தானியமும், இன்று இங்கிலாந்து வயல்களில் அநேகமாக மறைந்துவிட்ட களைச்செடிகள். இந்த வகைக் கூரைகள் பெரும்பாலும் டெவனில்தான் மிஞ்சியிருக்கின்றன. எந்த அருங்காட்சியகமும் திட்டமிட்டுச் சேர்த்திருக்க முடியாத சேகரம் இது. இன்றைக்கும் விவரம் தெரியாத ஒருவர் 'பழசெல்லாம் பிரித்துப் போடுங்கள்' என்றால், அரை நாளில் குப்பை வண்டியில் ஏறிப் போய்விடும்.

கூரை வேய்வது எப்படி? எத்தனை ஆண்டு தாங்கும்?

மூன்று வகைப் பொருள்கள் உண்டு. டெவனில் வழக்கம், சீவிய கோதுமைத் தாள். தாளை நசுக்காமல் நேராகச் சீவி எடுத்து, அடிப்பக்கம் எல்லாம் வெளியே பார்க்கும்படி அடுக்குவார்கள். கூரை ஒட்ட வெட்டிய தலைமுடிபோல் வழவழவென்று இருக்கும். கிழக்கு, நடு இங்கிலாந்தில் நீள்வைக்கோல். தாளும் நுனியும் கலந்து கொஞ்சம் கலைந்த தோற்றம். நார்ஃபோக் நீர்நிலைகளில் வெட்டும் நாணல் மூன்றாவது வகை. நாணல் ஐம்பது ஆண்டுக்கு மேலும் தாங்கும். சீவிய தாள் முப்பது ஆண்டு சுமார். நீள்வைக்கோல் அதைவிடக் குறைவு. எதுவானாலும் முகட்டை மட்டும் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும்.

ஆணி அதிகம் கிடையாது. ஹேசல் எனும் புதர்மரத்தின் குச்சியைப் பிளந்து, நடுவில் முறுக்கிக் கொண்டை ஊசி போல மடக்கி, வைக்கோலுக்குள் குத்தி இறக்குவார்கள். கூரையின் சாய்வு ஏறக்குறைய 50 பாகை. இவ்வளவு செங்குத்தாக இருப்பதால் மழைநீர் ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்கு வழுக்கி ஓடிவிடுகிறது. ஓரடி கனமுள்ள கூரையில் ஈரம் மேலே ஓர் அங்குலம் இறங்கினால் அதிகம். மழைநீர்க் குழாய் வைப்பதில்லை. இறவாணம் வெளியே நீண்டு, தண்ணீரைச் சுவருக்கு அப்பால் தள்ளிவிடும்.

இன்றைய பெரிய சிக்கல் வைக்கோல்தான். நவீன கோதுமை குட்டையானது. அறுவடை இயந்திரம் தாளை நொறுக்கிவிடும். அதனால் கூரைக்கென்றே சில உழவர்கள், 1964-இல் வந்த மாரிஸ் விட்ஜன் போன்ற உயரமான ரகங்களை விதைத்து, பழைய கட்டு கட்டும் இயந்திரத்தால் அறுக்கிறார்கள். அறுவடைக் காலத்தில் மழை பிடித்துக்கொண்டால் அந்த ஆண்டு வேய்பவர்களுக்குத் தட்டுப்பாடு.

தீப்பிடிக்காதா?

பிடிக்கும். லண்டனில் 1212-ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பிறகு புதிதாக வைக்கோல் கூரை போடத் தடை வந்தது. 1997-இல் திறந்த குளோப் நாடக அரங்குதான், 1666 பெருந்தீக்குப் பின் அந்த நகரில் அனுமதி பெற்ற முதல் வைக்கோல் கூரை. டெவனில் டிவர்ட்டன் நகரம் 1598, 1612, 1731 என மூன்று முறை எரிந்தது. 1598 தீ, விறகுக்கு வழியில்லாத ஒரு பெண் வைக்கோலை எரித்து அப்பம் சுட்டதிலிருந்து பரவியதாகப் பதிவு. 1731-க்குப் பிறகு ஈயம், சிலேட்டு, ஓடு தவிர வேறு கூரை கூடாது என்று நாடாளுமன்றமே அந்நகருக்குச் சட்டம் போட்டது. கிராமங்களில் தடை இல்லை, அதனால் தப்பித்தன.

இப்போதைய தீ விபத்துகள் பெரும்பாலும் புகைபோக்கியோடு தொடர்புடையவை, குறிப்பாக விறகு அடுப்புகளோடு. புகைபோக்கியைத் தவறாமல் துடைப்பதும், உலர்ந்த விறகை மட்டும் எரிப்பதும் முக்கியக் காப்பு. காப்பீட்டுக் கட்டணம் மற்ற வீடுகளைவிடக் கூடுதல்தான்.

அழகான இந்தக் கிராமங்களில் சில திட்டமிட்டுக் கட்டியவை என்பது உண்மையா?

உண்மை. டார்செட்டின் மில்ட்டன் ஆபஸ் சரியான எடுத்துக்காட்டு. சரிவான தெருவின் இருபுறமும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் வெள்ளைக் கோப் வீடுகள், வைக்கோல் கூரைகள். பார்ப்பவர் மனம் இளகும். ஆனால் அது எழுந்த காரணம் வேறு. 18-ஆம் நூற்றாண்டில் ஜோசப் டேமர் என்ற பிரபு மில்ட்டன் மடத்தை வாங்கித் தன் மாளிகையாக்கினார். பக்கத்தில் இருந்த சந்தை ஊர் அவருடைய பார்வைக்கு இடைஞ்சல். குத்தகை முடிய முடிய வீடுகளை இடித்து, ஊரையே துடைத்தார். 1780-ஐ ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத ஒரு பள்ளத்தாக்கில் இந்தப் புது ஊரைக் கட்டினார். ஒரே வீட்டில் இரண்டு குடும்பம். நெருக்கடி மிகுந்த காலத்தில் அதற்கும் மேல். அந்தத் தெருவைப் படம் எடுப்பவர்கள், மேலே புல்வெளிக்கடியில் போன பழைய ஊரையும் அறிந்துகொள்வது நியாயம்.

சாமர்செட்டின் செல்வர்த்தி வேறு மாதிரி. சர் தாமஸ் அக்லண்ட் 1828-இல், தம் பண்ணையில் உழைத்து ஓய்ந்தவர்கள் தங்குவதற்காகச் சீரமைத்துக் கொடுத்த ஊர் அது.

இவ்வளவு நல்ல முறை ஏன் கைவிடப்பட்டது?

செங்கலுக்கு 1784 முதல் 1850 வரை வரி இருந்ததால், மண்ணுக்கு அதுவரை ஓரளவு ஆதரவு இருந்தது. வரி நீங்கியது, ரயில் வந்தது, செங்கலும் வேல்ஸ் சிலேட்டும் மலிவாக ஊருக்குள் இறங்கின. படை காய வாரக்கணக்கில் காத்திருக்க எந்த ஒப்பந்தக்காரருக்கும் பொறுமை இல்லை. 1910-இல் கட்டடக் கலைஞர் எர்னஸ்ட் கிம்சன் டெவனின் பட்லி சால்ட்டர்ட்டன் அருகே காக்சன் என்ற வீட்டைக் கோப்பில் கட்டியபோதே அது விதிவிலக்கு. முதல் உலகப்போருக்குப் பின் கைவேலை அநேகமாக அற்றுப்போனது.

மழை மிகுந்த நாட்டில் மண்சுவருக்கு சிமெண்ட் பூசிவிட்டால் பாதுகாப்புதானே?

இந்த ஒரு கேள்விக்காகவே இதை எழுத நினைத்தேன். வேண்டவே வேண்டாம்.

மண்சுவரில் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும். அது உள்ளே வரும், வெளியே போகும். சுண்ணாம்பும் மணலும் விலங்கு மயிரும் சேர்த்த பழைய பூச்சு அந்தப் போக்குவரத்தைத் தடுக்காது. சிமெண்ட் பூச்சு இறுக்கமானது. சுவர் வெயிலுக்கும் குளிருக்கும் சற்றே அசையும்போது அதில் மயிரிழை விரிசல் விழும். மழை அதன் வழியே உள்ளே போகும், திரும்பி வர வழி இருக்காது. தண்ணீர் மெல்ல இறங்கிக் கல் அடிச்சுவர்மேல் தேங்கும். வெளியே பெயிண்ட் பளபளக்கும். உள்ளே மண் மறுபடியும் குழைந்த பதத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். அளவு தாண்டிய ஒரு நாளில் சுவர் முன்னறிவிப்பில்லாமல் சரியும். நானூறு ஆண்டு மழையைத் தாங்கிய சுவரை 20-ஆம் நூற்றாண்டின் நல்லெண்ணப் பூச்சு சில பத்தாண்டுகளில் சாய்த்த கதை டெவனில் நிறைய உண்டு. தெருவை உயர்த்தித் தார் போட்டுக் கல் அடிச்சுவரைப் புதைப்பதும், உள்பக்கம் நீர்புகாத பெயிண்ட் அடிப்பதும் இதே தீங்கைச் செய்யும்.

சுவரின் அடியில் புடைப்பு, தட்டினால் பொள்ளலாக ஒலிக்கும் பூச்சு, உள்ளே தரையோரம் உப்புப் பூத்த கறை: இவற்றில் எது தெரிந்தாலும் மண்சுவர் அனுபவமுள்ளவரை அழையுங்கள். நன்கு நனைந்த சுவரின் பூச்சை ஒரேயடியாக உரிப்பதும் ஆபத்து; சில நேரம் அந்தப் பூச்சுதான் சுவரைத் தாங்கிக்கொண்டிருக்கும். கரைந்த இடத்தை, அதே மண்ணில் செய்து உலர்த்திய கட்டிகளை வைத்து, மண் சாந்தாலேயே அடைப்பார்கள். எலி வளைகளையும் இப்படித்தான். அரசின் பழங்கட்டடக் காப்புப் பட்டியலில் உள்ள வீடு என்றால் உள்ளூராட்சியின் அனுமதியும் வேண்டும்.

இப்போது புதிதாகக் கோப் வீடு கட்டுகிறார்களா?

கட்டுகிறார்கள். 1970களின் இறுதியில் டவுன் செயின்ட் மேரி என்ற சிற்றூரில் எழுந்த ஒரு பேருந்து நிழற்குடை, கைவிட்டுப்போன வேலையை மீண்டும் தொடங்கிவைத்தது. 1994-இல் ஆட்டரி செயின்ட் மேரி அருகே இரண்டு மாடி வீடே வந்தது. டெவன் மண் கட்டடச் சங்கம் பழுதுபார்ப்பு முறைகளைப் பரப்பி வருகிறது. வெப்பக் காப்பு விதிகளே இன்றைய தடை: மண்சுவர் வெப்பத்தைச் சேமிக்கும், ஆனால் கசிவதை அவ்வளவாகத் தடுக்காது. பிளிமத் பல்கலைக்கழகம் பிரான்சின் நார்மண்டி ஆய்வாளர்களோடு சேர்ந்து, ஒரு பக்கம் கனமான கோப்பும் மறுபக்கம் நார் மிகுந்த இலகுவான மண்ணுமாக ஒன்றாக எழுப்பும் இரட்டைச் சுவரை உருவாக்கியிருக்கிறது. இன்றைய விதிகளுக்கு அது பொருந்துகிறது.

நேரில் பார்க்க எங்கே போகலாம்?

ஒரே ஒரு வீட்டுக்குள் போக முடியும் என்றால், டார்செட்டின் ஹையர் பாக்ஹாம்ப்ட்டன். எழுத்தாளர் தாமஸ் ஹார்டியின் கொள்ளுத்தாத்தா 1800-இல் கட்டிய கோப் வீடு. ஹார்டி 1840-இல் அங்கே பிறந்தார். இப்போது பழங்கட்டடங்களைக் காக்கும் தேசிய அறக்கட்டளை பராமரிக்கிறது. தெருவாகப் பார்க்க டெவனின் பிராட்ஹெம்பரி. மதில்களுக்கு ஹாடென்ஹாம். செல்வர்த்தியும் அறக்கட்டளை வசம்தான். மற்ற ஊர்களில் எல்லா வீட்டிலும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். அதற்குப் பதில் குனிந்து சுவரின் அடியைப் பாருங்கள்: கல் எத்தனை அங்குலம் வெளியே தெரிகிறது, பூச்சு சுண்ணாம்பா சிமெண்டா என்று கவனித்தாலே அந்த வீட்டைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.